விதையா, போத்தா? பினாங்கு வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செபராங் பிறையில் சிறிய நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கன்று வாங்க வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: "இது விதைபோட்டு வந்ததா, ஒட்டா?" அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு மனம் குளிர்ந்துவிடும். செடி வாங்குவதில் அதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு என் பெற்றோர்தான் காரணம். அப்பா பால்மர (ரப்பர்) தோட்டத்தில் ஒட்டுக் கட்டுபவர். அம்மா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் பெண்பூக்களுக்கு மகரந்தப் பொடி தூவியவர். தாவரம் தன் இனத்தைப் பெருக்கும் இரண்டு வழிகளும் எங்கள் வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டன. பண்ணைக்கு வரும் அக்காமார், அண்ணன்மார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாலினப் பெருக்கம், பாலிலாப் பெருக்கம் என்று புத்தகத்தில் இருக்கிறது. எளிதாகச் சொன்னால் என்ன?

விதை என்பது பிள்ளை. போத்து, அதாவது ஒடித்து ஊன்றும் கிளைத்துண்டு, அதே ஆள்.

ஒரு பூவின் மகரந்தத்திலிருந்து பாதி, சூலிலிருந்து பாதி என மரபுக்கூறுகள் சேர்ந்து உருவாவது விதை. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதில்லை அல்லவா? ஒரே பழத்திலிருந்து எடுத்த விதைகளும் அப்படித்தான். இது பாலினப் பெருக்கம். முருங்கைக் கிளையை ஒடித்து மண்ணில் ஊன்றினால் வருவது புதிய பிறவி இல்லை. தாய்மரத்தின் உடம்பே இன்னோர் இடத்தில் வேர்விட்டு நிற்கிறது. காயின் நீளம், ருசி, நோய்க்கு ஆளாகும் பலவீனம் எல்லாம் அச்சு அசலாக அதே. இது பாலிலாப் பெருக்கம். கிழங்கு, பக்கக்கன்று, பதியன், ஒட்டு, இலையில் முளைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

பூவுக்குள் என்ன நடக்கிறது? பிள்ளைகளுக்கு எந்தப் பூவைக் காட்டுவது?

செம்பருத்தியைக் காட்டுங்கள். 1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. வேலியோரம் கிடைக்கும், எல்லாம் பெரிதாக இருப்பதால் பூதக்கண்ணாடி தேவையில்லை. ஒற்றை அடுக்குப் பூவாகப் பறியுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் கேசரங்கள் (மகரந்தம் தாங்கும் இழைகள்) பலவும் இதழாக மாறியிருக்கும்.

நடுவில் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் தூணைச் சுற்றிச் சிறுசிறு மஞ்சள் பைகள் இருக்கின்றன. விரலால் தொட்டால் பொடி ஒட்டும். அதுதான் மகரந்தம், ஆண் பக்கம். தூணின் நுனியில் வெல்வெட்டுப் பொட்டுகள் போல ஐந்து இருக்கும். அவை சூல்முடிகள், பெண் பக்கத்தின் வாசல். பூவின் அடியை நகத்தால் கீறினால் வெள்ளை மணிகள் போலச் சூல்கள் தெரியும். மகரந்தம் சூல்முடியில் ஒட்டியதும் முளைவிட்டு, மெல்லிய குழாயாகத் தூணுக்குள்ளே இறங்கிச் சூலைத் தேடிப் போகிறது. மகரந்தம் வந்து சேருவது மகரந்தச் சேர்க்கை. குழாய் வழியே போன ஆண் அணு சூலுக்குள் இருக்கும் முட்டையோடு கலப்பது கருவுறுதல். பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மதிப்பெண் இழக்கிறார்கள். வாசலுக்கு வருவது வேறு, வீட்டுக்குள் நுழைவது வேறு.

இவ்வளவு அழகான ஏற்பாட்டை வைத்துக்கொண்டும் வேலிச் செம்பருத்தி நம் ஊரில் விதை கட்டுவது மிக அரிது. நாம் தலைமுறை தலைமுறையாகக் குச்சி ஒடித்து நட்டதில்தான் அது பெருகியிருக்கிறது.

தேங்காயில் எது குழந்தை, எது சோறு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்.

மகரந்தக் குழாய் ஓர் ஆண் அணுவை அல்ல, இரண்டைக் கொண்டு போகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று சூலின் நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, கருவுக்கான உணவுத் திசுவாகிறது. பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலை 1898இல் செர்கெய் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர் கண்டு சொன்னார். பிள்ளை உண்டாகும் அதே நேரத்தில் அதற்கான கட்டுச்சோறும் உண்டாகிறது. கருவுறாத சூலுக்குச் செடி உணவை வீணாக்குவதில்லை.

நெல்லில் அந்தச் சோறுதான் அரிசி. தென்னையில் அது முதலில் தண்ணீராகவே இருக்கிறது. இளநீர் என்று நாம் குடிப்பது, உயிரணுச் சுவர் எழும்பாமல் உட்கருக்கள் மிதக்கும் உணவுத் திசு. பிறகு ஓட்டின் உட்புறமாகச் சுவர் எழும்பிப் படிவதுதான் வழுக்கையும் தேங்காய்ப் பருப்பும். கரு எங்கே? மூன்று கண்களில் விரலால் அழுத்தினால் அமுங்கும் கண்ணுக்குக் கீழே, பருப்புக்குள் சிறு முளையாகப் புதைந்து கிடக்கிறது. மூன்று கண்கள் மூன்று சூலறைகளின் அடையாளம். பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே கரு தங்குகிறது. முற்றிய காய் முளைக்கும்போது உள்ளே பஞ்சுபோல ஒன்று வளர்ந்து இளநீரையும் பருப்பையும் உறிஞ்சிக் கருவுக்கு ஊட்டுகிறது. நாம் தேங்காய்ப்பூ என்று போட்டி போட்டுக்கொண்டு தின்பது அதைத்தான்.

தைப்பூசத்துக்கு ஜோர்ஜ்டவுன் தெருக்களில் ரதம் வரும்போது தேங்காய்கள் மலைமலையாக உடைபடும். சிதறிய ஓட்டில் ஒன்றை எடுத்து அந்த மெத்தென்ற கண்ணுக்கு நேர் உட்புறம் பாருங்கள். வெள்ளை நிறத்தில் ஒரு சிறு முளை தெரியும். அதுதான் அந்த மரம்.

டுரியான் பூக்கிறது, காய்க்கவில்லை. உரம் போதவில்லையா?

பாலிக் புலாவ் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்பது இது. உரத்தைக் குறை சொல்வதற்கு முன் இரவில் மரத்தடிக்குப் போய் நின்று பாருங்கள்.

டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கி, பொழுது சாய்ந்த பிறகே மகரந்தத்தைத் தருகிறது. நள்ளிரவு வாக்கில் இதழ்களும் கேசரங்களும் கொட்டத் தொடங்கிவிடும். காலையில் நாம் பெருக்கித் தள்ளுவது நேற்று இரவு முடிந்துபோன கதையை. ஆகவே பகலில் திரியும் தேனீக்களை நம்பி இந்த மரம் பூப்பதில்லை. அது எதிர்பார்ப்பது வௌவாலை, அதிலும் குகைத் தேன் வௌவாலை. பத்துமலையில் முருகன் கோயில் குகைக்குப் பக்கத்திலுள்ள இருட்டுக் குகையிலும் அந்த வௌவால்கள் தங்குகின்றன. ஒரே இரவில் பல பத்துக் கிலோமீட்டர் பறந்து, கடலோரச் சதுப்புநில மரங்களின் பூக்களிலும் டுரியான் தோட்டங்களிலும் தேன் குடிக்கின்றன. பூவில் முகம் புதைத்துக் குடிக்கும்போது முகத்து மயிரில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அடுத்த மரத்தில் அது சூல்முடியில் படும்.

வௌவால் பூவைத் தின்று அழிக்கிறது என்று வலை கட்டிக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மனம் பதறுகிறது. காலையில் கொட்டிக் கிடக்கும் பூ வௌவால் தின்றதால் விழுந்ததில்லை. அது எப்படியும் விழும் பூ. வௌவாலைக் கொன்றவர் தன் மரத்தின் மருத்துவச்சியைக் கொன்றவர்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பல டுரியான் ரகங்கள் தம் சொந்த மகரந்தத்தைச் சரியாக ஏற்பதில்லை. தோட்டம் முழுக்க ஒரே ரகத்தின் ஒட்டுமரங்களாக இருந்தால், பத்து ஏக்கரில் நூறு மரங்கள் நின்றாலும் பூவின் கணக்கில் அது ஒரே மரம். வேறு ரகம் ஒன்றிரண்டை ஊடே நடுங்கள்.

செம்பனையில் வண்டு விடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. என் அம்மாவின் வேலையைப் பறித்த வண்டு அது. அம்மா அதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

செம்பனையில் ஆண் குலையும் பெண் குலையும் ஒரே மரத்தில் வேறு வேறு காலத்தில் வரும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூவுக்கு உதவும் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அதனால் இங்கே பல தோட்டங்களில் ஆட்களை வைத்து, மகரந்தத்தை மாவுப்பொடியோடு கலந்து, பெண் குலைகளில் கையால் பீய்ச்சினார்கள். முள் கிழிக்க, குனிந்து, மரம் மரமாக. வேலை செய்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். அம்மாவின் முழங்கைத் தழும்புகள் கடைசிவரை மறையவில்லை.

1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு மூக்குவண்டு கொண்டுவரப்பட்டது. அது ஆண் பூவில் முட்டையிட்டு வளர்கிறது. பெண் பூவும் பெருஞ்சீரகம் போன்ற வாசனை வீசுவதால் ஏமாந்து அங்கேயும் போகிறது. போகும்போது மகரந்தத்தைச் சுமந்து போகிறது. கொஞ்ச காலத்திலேயே நாடெங்கும் பரவி, கையால் தூவும் வேலையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. குலைகளில் காய்ப்பிடிப்பும் கூடியது. எத்தனை ஆட்களின் உழைப்பு ஒரு பூவுக்குள் இருந்தது என்பதை அந்த வண்டு வந்த பிறகுதான் பலர் எண்ணிப் பார்த்தார்கள்.

அத்தி பூக்குமா?

"அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்" என்று சொல்கிறோம். அத்தி எப்போதும் பூக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. அத்திக்காய் என்று நாம் நினைப்பதே பூக்கூடை. நூற்றுக்கணக்கான நுண்பூக்கள் உள்பக்கமாகத் திரும்பி மலர்கின்றன. அரசும் ஆலும் இதே குடும்பம்தான்.

உள்ளே மலர்ந்த பூவுக்கு யார் மகரந்தம் கொண்டுபோவது? ஒவ்வோர் இனத்துக்கும் பெரும்பாலும் அதற்கென்றே ஒரு குட்டிக் குளவி இருக்கிறது. பெண் குளவி நுனியிலுள்ள இடுக்கு வழியே நுழையும்போது இறக்கை முறிந்துவிடும். உள்ளே மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அரசமரத்தில் அந்த முட்டைகளிலிருந்து முதலில் வெளிவருபவை இறக்கையில்லாத ஆண் குளவிகள். அவை பெண் குளவிகளோடு கூடி, வெளியேற வழி துளைத்துக் கொடுத்துவிட்டு மடிகின்றன. புதிய பெண் குளவிகள் மகரந்தத்தோடு பறந்து இன்னொரு மரத்தின் காயைத் தேடுகின்றன.

பழுத்ததைப் பறவைகள் தின்று எச்சமிடும் இடமெல்லாம் கன்று. ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீட்டுச் சுவர்களில் ஆலும் அரசும் முளைத்திருப்பது அப்படித்தான். யாரும் நட்டதில்லை. சுவரைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களின் கவலையும் நியாயமானதே. சிறு கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்துத் தொட்டியில் வையுங்கள்.

நாகலிங்கப்பூவில் லிங்கத்துக்கு மேல் குடைபிடிப்பது எது?

1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் தண்ணீர்மலைப் பக்கம் அமைத்த தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரங்கள் புகழ்பெற்றவை. அடிமரத்திலேயே பூக்கும். நாகப்படம் போல வளைந்திருப்பதும் கேசரங்கள்தான். நடுவில் வளையமாக உள்ள கேசரங்களின் மகரந்தமே விதை உண்டாக்க உதவுகிறது. படத்திலுள்ள மகரந்தம் வண்டுத்தேனீக்களுக்குப் படைத்த உணவு. பூவில் தேன் கிடையாது. தேனீ படத்திலுள்ள உணவைத் திரட்டும்போது, கீழேயுள்ள வளையம் அதன் முதுகில் உண்மையான மகரந்தத்தைத் தடவி அனுப்புகிறது. விருந்துக்கு ஒன்று, வித்துக்கு ஒன்று என்று ஒரே பூ பிரித்து வைத்திருக்கிறது.

ஆண் மரம், பெண் மரம் என்பது உண்மையா? என் ரம்புத்தான் பத்து வருடமாகப் பூக்கிறது, ஒரு காய் இல்லை.

உங்கள் மரம் ஆணாக இருக்கும். ரம்புத்தான் கொட்டையைப் போட்டு வளர்த்தால் ஏறத்தாழ பாதி ஆணாகப் போகும். பத்து வருடம் தண்ணீர் ஊற்றியவர்களிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெட்ட வேண்டாம். கிளையில் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டுக்கட்டச் சொல்லுங்கள். அடுத்து வாங்கும்போது ஒட்டுக்கன்றாக வாங்குங்கள்.

ஜாதிக்காயும் அப்படியே. கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து பினாங்குக்குக் கொண்டுவந்த மரம் அது. இன்றும் பாலிக் புலாவில் ஊறுகாயாகவும் சாறாகவும் எண்ணெயாகவும் பிழைப்புத் தருகிறது. ஆண் தனி, பெண் தனி. ஆறேழு வருடம் வளர்ந்து பூத்தபிறகே எது எது என்று தெரியும். பெண் மரங்கள் பத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். மிச்ச ஆண் மரங்களை வளர்த்ததெல்லாம் அந்தக் காலத்து விவசாயியின் நஷ்டம்.

பப்பாளியில் மூன்று வகை: ஆண், பெண், இருபால். கடையில் கிடைக்கும் நீளப் பழம் இருபால் மரத்தது. அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இல்லையென்றால் அந்தப் பழத்து விதையில் மூன்றுக்கு இரண்டு இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும். ஒரே குழியில் மூன்று கன்று நட்டு, பூ வந்ததும் இருபால் மரத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

வாழைக்கு விதை ஏன் இல்லை?

இருந்தது. மலேசியக் காடுகளில் இன்றும் காட்டு வாழை இருக்கிறது. பழம் முழுக்கக் கறுப்புக் கொட்டை, கடித்தால் பல் போய்விடும். நாம் தின்னும் ரஸ்தாளி போன்ற வாழைகளில் மரபுக்கூறு இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாததால் மகரந்தமும் முட்டையும் சரியாக உருவாவதில்லை. ஆனாலும் காய் பருக்கிறது, சேர்க்கை இல்லாமலே. பழத்தின் நடுவே தெரியும் கறுப்புப் புள்ளிகள்தான் விதையாகாமல் நின்றுபோன சூல்கள்.

மலாய்க்கார வியாபாரியும் "பிசாங் ரஸ்தாளி" என்றே சொல்லி விற்பதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். நம் வாய்ச்சொல்லும் பக்கக்கன்று போல ஒட்டிக்கொண்டு வந்து இந்த மண்ணில் வேர்விட்டிருக்கிறது.

"வாழையடி வாழையாக" என்று வாழ்த்துகிறோம். தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. நிலத்தடிக் கிழங்கிலிருந்து வரும் கன்று தாயின் உடம்பே. நடுவதற்கு ஈட்டிபோலக் குறுகிய இலையுள்ள கன்றைத் தேர்ந்தெடுங்கள். அகல இலை விட்ட நீர்க்கன்றுக்குத் தாய்க்கிழங்கோடு பிடிப்பு குறைவு, பலமும் குறைவு.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லாம் ஒரே உடம்பு என்றால் ஒரு நோய்க்கு எல்லாமே சாகும். நாம் பிசாங் எம்புன் என்று சொல்லும் ரகம் ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. பனாமா வாடல் என்ற மண்வழிப் பூஞ்சை நோயால் 1950களிலும் 60களிலும் லத்தீன் அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து அது மறைந்தது. அதற்குப் பதிலாக வந்த கேவண்டிஷ் ரகத்தை, அதே பூஞ்சையின் வேறொரு வகை 1990களில் மலேசியத் தோட்டங்களில் தாக்கியது. மருந்தில்லை. காட்டு வாழையின் கறுப்புக் கொட்டைகளுக்குள் எதிர்ப்புத் தன்மையைத் தேடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தின்ன முடியாத பழம் என்று அந்தக் காட்டு வாழையை அழித்துவிடக் கூடாது என்று நான் மன்றாடுவது அதனால்தான்.

ஒட்டுக் கட்டுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? ஒட்டுமரத்துப் பழத்தின் கொட்டையைப் போட்டால் அதே பழம் வருமா?

அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு எடுத்துப் போனார். ரப்பர் விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும். முளைத்தவை 3,000ஐக்கூட எட்டவில்லை. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. நம் முன்னோர்கள் இங்கே வந்து வியர்வை சிந்திய பால்மரக் காடுகளின் தொடக்கம் அப்படிச் சிறியது. விதை போட்டு வளர்த்த காட்டில் ஒரு மரம் பால் கொட்டும், பக்கத்து மரம் சொட்டும். விதை என்றால் பிள்ளைகள் என்றேனே, அதுதான். 1910களில் ஜாவாவில் மொட்டு ஒட்டு முறையைத் தேர்ந்தபிறகு, நிறைய பால் தரும் ஒரு மரத்தை ஆயிரம் மரமாக்க முடிந்தது.

நாற்றின் பட்டையில் சன்னல் போலக் கீறித் திறப்பார் அப்பா. நல்ல மரத்தின் குச்சியிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து அதற்குள் பொருத்தி இறுக்கிக் கட்டுவார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது. புதிய உயிரணுக்களை உண்டாக்குவது அதுதான். இரண்டு படலங்களும் ஒன்றையொன்று தொட்டால் ஒட்டும். விரல் பட்டால், ஈரம் காய்ந்தால் ஒட்டாது. அதனால் பேசாமல், வேகமாக வேலை செய்வார். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து நகத்தால் இலேசாகக் கீறுவார். பச்சை தெரிந்தால் பிழைத்தது. பிறகு நாற்றின் தலையைச் சீவிவிட, மொட்டு மரமாகும். வேர் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. இரண்டும் கலப்பதில்லை, ஒத்து வாழ்கின்றன.

ஆகவே ஒட்டுமரத்துப் பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொட்டை ஒரு சேர்க்கையில் பிறந்த பிள்ளை. மூசாங் கிங் கொட்டையைப் போட்டால் டுரியான் வரும், மூசாங் கிங் வராது. ஆனால் 1993இல் பதிவான அந்த ரகமும் என்றோ ஒரு கொட்டையில் பிறந்ததுதான். இடம் இருப்பவர்கள் ஒரு கொட்டையாவது போட்டு வளருங்கள் என்பேன்.

மங்குஸ்தீன் கொட்டையும் மாறிப்போகுமா?

போகாது. மங்குஸ்தீனில் பயன்படும் மகரந்தமே இல்லை. விதை இருக்கிறது, ஆனால் அதற்குள் உள்ள கரு சேர்க்கையில் பிறந்ததில்லை. தாயின் திசுவே விதையாகிறது. பார்வைக்கு விதை, உள்ளுக்குள் போத்து. பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்குமே, அது காய்ந்துபோன சூல்முடி. அதன் மடல்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடலாம். வராத மகரந்தத்துக்காகத் திறந்து வைத்த வாசலைத்தான் சந்தையில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மாவிலும் நம் பக்கத்து ரகங்கள் பலவற்றில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயைப் போலவே இருக்கும்.

கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, பண்டான்: எதை எப்படி வளர்ப்பது?

கறிவேப்பிலை குச்சியில் எளிதாக வேர்விடாது. கடையில் வாங்கிய காம்பைத் தண்ணீரில் வைத்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். பழம் கறுத்ததும் சதையைக் கழுவிவிட்டு உடனே ஊன்றுங்கள். உலரவைத்துச் சேமித்தால் ஓரிரு வாரத்திலேயே முளைப்பு குறையும். பக்கத்து வீட்டில் பெரிய மரம் இருந்தால் வேரிலிருந்து கன்று கிளம்பியிருக்கும். மண்வெட்டியால் தாய்வேரை மட்டும் துண்டித்துவிட்டு, அங்கேயே சில வாரம் விட்டு, சொந்த வேர் பிடித்தபிறகு பெயர்த்து எடுங்கள்.

முருங்கையைக் கைத்தடி பருமனுள்ள போத்தாக ஊன்றினால் சீக்கிரம் காய்க்கும். விதை போட்டால் ஆணிவேர் ஆழம் போகும், காற்றுக்குச் சாயாது. பினாங்கின் காற்று மழையைப் பார்த்தவர்கள் யோசித்து முடிவெடுக்கட்டும். மல்லிகையைப் பதியன் போடுங்கள். கொடியை வளைத்து ஒரு கணுவை மண்ணில் புதைத்துக் கல் வையுங்கள்.

பண்டானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாசி லெமாக் சோற்றில் மணக்கும் இந்தச் செடி விதை கட்டுவதே இல்லை. பக்கக்கன்றைப் பிடுங்கிப் பிடுங்கி, மனிதக் கைகள் வழியாகவே ஊர் ஊராக வந்தது. உங்கள் தொட்டியிலுள்ள பண்டான் ஏதோ ஒரு பாட்டி இன்னொரு பாட்டிக்குக் கொடுத்ததின் தொடர்ச்சி.

பெரணிக்குப் பூவே இல்லையே?

மழைமரக் கிளைகளில் கூடுபோல உட்கார்ந்திருக்கும் பெரணியின் இலையைத் திருப்புங்கள். பழுப்புக் கோடுகளாக இருப்பவை சிதல் பைகள். சிதல் என்பது பெரணி பெருகுவதற்கான தூள்போன்ற நுண்ணணு. காற்றில் விழுந்த சிதல் ஈரத்தில் முளைத்து, நகத்தளவுகூட இல்லாத பச்சைத் தகடாகிறது. அதில்தான் ஆண் அணுவும் முட்டையும் உண்டாகின்றன. ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் பெரணிக்கு ஈரம் உயிர்.

பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைக்கும் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்" இலை?

ரணகள்ளி. இலை விளிம்பின் பள்ளங்களில் ஏற்கெனவே வளர்திசு காத்திருக்கிறது. இலை தாயைவிட்டுப் பிரிந்ததும் குட்டிச் செடிகளாகிறது. ஈரமண் மேல் கிடத்தினாலே போதும், புதைக்க வேண்டாம்.

அடுக்குமாடியில் இருக்கிறேன். பூசணி பூக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. என்ன செய்வது?

பத்தாவது மாடிக்குத் தேனீ வருவது அரிது. நீங்களே தேனீயாகுங்கள். பூசணி, பாகல், பீர்க்கு மூன்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவின் அடியில் குட்டிக்காய் போல இருந்தால் பெண். வெறும் காம்பாக இருந்தால் ஆண். முதலில் ஆண் பூக்களாகவே வரும், பதற வேண்டாம்.

பூசணிப்பூ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுவதற்குள் வாடத் தொடங்கும். காலை எட்டு மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லா மடல்களிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ கிடைத்தால் நல்லது. மகரந்தம் குறைந்தால் சில சூல்கள் கருவுறாமல் போய்க் காய் ஒரு பக்கம் கோணலாகும். மழை நாளென்றால் ஆண் பூவை முதல் நாள் மாலையே மொட்டாகப் பறித்துத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் காலை வீட்டுக்குள்ளேயே விரியும். பீர்க்கு மாலையில் மலரும் பழக்கமுள்ளது, அதற்குப் பொழுது சாயும் நேரம். தடவிய பூவின் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நான்கைந்து நாளில் அந்தப் பிஞ்சின் காம்பு தடித்துத் தலை கீழ்நோக்கித் தொங்கத் தொடங்கினால் பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்போது ஒரு பழைய துணியைத் தூளியாகக் கட்டி அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.